செதுக்கிப் போட்ட மேல்மண்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. சின்ன ‘ர’ வரவேண்டிய இடத்தில் பெரிய ‘ற’ போட்டிருப்பேன், ஒற்றெழுத்தை விட்டிருப்பேன். துணிப்பைக்குள் போடும் துண்டுச் சீட்டில் ஊர்ப் பெயரும் சர்வே எண்ணும் எழுதிப் பழகிய கை இது. இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் மண் எடுக்கிற ஆள். அறுபதுகளின் கடைசியில், கிணறு வெட்டும் கூலி வேலையை விட்டுவிட்டு, மண் பரிசோதிக்கும் ஆபீசில் கடைநிலை ஆளாகச் சேர்ந்தேன். விவசாயிகளின் கொல்லைக்கு, எங்கள் பக்கத்தில் விளைநிலத்தைக் கொல்லை என்போம், போய் மண் எடுத்து வருவேன். நிழலில் உலர்த்தி, கட்டியை உடைத்து, சலித்து, பையில் கட்டி உள்ளே இருக்கும் படித்தவர்களிடம் கொடுப்பேன். அவர்கள் அதைக் கரைத்து வடிகட்டிப் பார்த்து, இந்த மண்ணுக்கு இன்ன உரம் இவ்வளவு போதும் என்று எழுதிக் கொடுப்பார்கள்.

மண் எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. வரப்போரம் எடுக்கக் கூடாது. மரத்தடியில் எடுக்கக் கூடாது. எரு கொட்டி வைத்திருந்த இடத்தில் எடுக்கக் கூடாது. மேலே கிடக்கும் சருகு, சாணம், தூசு எல்லாவற்றையும் மண்வெட்டியால் செதுக்கி ஒதுக்கிவிட்டு, ஆப்பு வடிவத்தில் அரையடிக் குழி போட வேண்டும். குழியின் சுவரை மேலிருந்து கீழாகத் தோசைக் கனத்துக்குச் சீவி எடுக்க வேண்டும். நிலம் முழுக்க இப்படிப் பல இடங்களில் எடுத்து, ஒன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலு பங்காகக் கோடு கிழித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளிவிட வேண்டும். மறுபடி கலந்து மறுபடி தள்ளினால் கடைசியில் ஒரு பைக்கு வேண்டியது நிற்கும். அதுதான் அந்த நிலத்தின் மண்.

இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. முக்கியமான காரணம், இதில் பேச வேண்டியதில்லை. நான் கூச்சக்காரன். பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கி நடந்து வந்தவன். மண்ணிடம் கூச்சப்பட வேண்டியதில்லை. அதனால் அந்த வேலையை மட்டும் ஒரு குறை சொல்ல முடியாதபடி செய்வேன். அப்படிக் குறையில்லாமல் செய்ததுதான் கெடுதலாகப் போனது.

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு ஊர். பெயர் வேண்டாம். ஊருக்கு வெளியே பழைய கல்குழி ஒன்று இருந்தது. சுற்றியிருந்த ஊர்களின் குப்பை எல்லாம் அங்கேதான் வந்து விழும். லாரியும் டிராக்டரும் பெருகிய பிறகு, வெளியூர் ஆட்கள் சிலர் அந்தக் குப்பைமேட்டு ஓரத்தில் உலை போட்டார்கள். செத்துப்போன பேட்டரிகளை மூட்டையாகக் கொண்டுவந்து உடைப்பார்கள். உள்ளே இருக்கும் தகடுகளை உருக்கிக் காரீயக் கட்டியாக வார்த்துக்கொண்டு போவார்கள். சாம்பலும் கசடும் குப்பைமேட்டிலேயே கிடக்கும். புகை காற்றடிக்கும் பக்கம் போய்ப் புல்லின்மேல் படியும்.

குப்பைமேட்டை ஒட்டி ஒரு விதவைப் பெண்ணின் கொல்லை இருந்தது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். பிள்ளைகள் இல்லை. இரண்டு கறவை மாடும் ஒரு கன்றும்தான் அவர் குடும்பம். அவருடைய கொழுந்தனார், அதாவது செத்துப்போன கணவரின் தம்பி, பக்கத்துக் கொல்லைக்காரர். அவர்தான் அண்ணியின் நிலத்தையும் சேர்த்து உழுது கொடுப்பார். கிணறும் இரண்டு பேருக்கும் பொது. கொழுந்தனாரின் ஒரே மகளை இந்த அக்காதான் தூக்கி வளர்த்தார்.

அந்த மாடுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. முதலில் கன்று. பிறகு ஒரு மாடு. கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றதாம். பல்லை நறநறவென்று கடித்ததாம். இழுப்பு வந்து விழுந்ததாம். கன்றையும் அந்த மாட்டையும் புதைத்த பிறகுதான் மாட்டு டாக்டருக்குத் தகவல் போனது. அவர் வந்து, மிச்சமிருந்த மாட்டைப் பார்த்துவிட்டு, “காரீய வெஷம் மாதிரி தெரியுது. மேயுற எடத்து மண்ணைப் பரிசோதிக்கணும்” என்று எங்கள் ஆபீசுக்குச் சொல்லி அனுப்பினார். அந்த மாடும் நாங்கள் போவதற்குள் போய்விட்டது.

என்னோடு வந்த ஆபீசர் வேலைக்குப் புதிது. நல்ல மனிதர். என்னை வாங்க போங்க என்றுதான் பேசுவார். உலைப் புகை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு கூப்பிடு தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் போய் நின்றார்.

“வழக்கம்போல எடுத்துடுங்க. பஸ் போயிடப் போகுது” என்றார்.

வழக்கம்போல எடுத்தேன். புல்லைச் செதுக்கினேன். அதன்மேல் மாவு தெளித்தது மாதிரி ஒரு சாம்பல் நிறத் தூள் படிந்திருந்தது. அதையும் சேர்த்துச் செதுக்கி ஒதுக்கினேன். உலைக்குப் பக்கத்தில் மண் கன்னங்கரேல் என்று இருந்தது. எரு கொட்டின இடம் மாதிரிதானே இதுவும் என்று நினைத்து அந்தப் பக்கமே போகவில்லை. சுத்தமான செம்மண்ணாகப் பார்த்துக் குழி போட்டேன்.

அக்கா என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“என்னா தம்பி, மேல இருக்கறதையெல்லாம் வழிச்சு அந்தாண்ட போடறீங்க?”

“மேல குப்பைங்கக்கா. அது கலந்தா மண்ணோட கணக்கு சரியா வராது.”

“என் மாடு என்னா கெழங்கா தோண்டித் தின்னுச்சு? மேலதான தம்பி மேஞ்சுது?”

நான் மண்வெட்டியை நிறுத்தினேன். அவர் சொன்னது சரி என்று எனக்கு அந்த நிமிஷமே பட்டது. கைதான் பழக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. திரும்பி வேப்பமரத்தைப் பார்த்தேன். “சார்” என்று கூப்பிட்டேன்.

“என்ன, முடிஞ்சுதா?”

படித்தவரிடம் போய், நீங்கள் சொன்ன முறை இதற்குப் பொருந்துமா என்று நான் எப்படிக் கேட்பது?

“முடியப் போகுதுங்க சார்” என்றேன்.

அக்காவிடம், “இப்படித்தாங்கக்கா எடுக்கணும்” என்று சொல்லிவிட்டு அடுத்த குழியைப் போட்டேன். ஆபீஸ்காரருக்குத் தெரியாததா என்று நினைத்திருப்பார்.

காரீயம் பார்க்கிற வசதி எங்கள் ஆபீசில் கிடையாது. மண்ணைச் சென்னைக்கு அனுப்பினோம். முடிவு வந்தது. பயப்படும்படி ஒன்றும் இல்லை, சாதாரண மண்ணில் இருப்பதுதான் இருக்கிறது என்றார் ஆபீசர். அதற்குள் மாட்டு டாக்டரும் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். பக்கத்து ஊரில் எனக்கு வேலை இருந்ததால் அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன்.

“அப்ப மண்ணுல ஒண்ணுமில்லையா?”

“இல்லைன்னுதாங்க வந்திருக்குது.”

“நல்லாப் பாத்தாங்களா?”

“பாத்தாங்கக்கா.”

அவர் காலிக் கட்டுத்தறியைப் பார்த்தார். பிறகு, “அப்ப அவந்தான்” என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. மாடுகள் சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், அவற்றில் ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு கொழுந்தனாரின் தக்காளிக் கொல்லையில் புகுந்து ஒரு பாத்தியையே மேய்ந்துவிட்டதாம். அவர் ஊர் கேட்கக் கத்தியிருக்கிறார்: “ஒரு நாளு இல்லைன்னா ஒரு நாளு நானே இதுங்களுக்கு வெஷம் வெக்கறேன் பாரு!” கோபத்தில் யாரும் சொல்கிற வார்த்தை. மண்ணில் குற்றம் இல்லை என்று நான் சொன்ன பிறகு, அந்த வார்த்தை மட்டும்தான் மிச்சம் நின்றது.

கொழுந்தனார் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தாராம். அக்கா கேட்கவில்லை. அம்மன் கோயிலுக்குப் போய்க் காசு வெட்டிப் போட்டுவிட்டார்.

எங்கள் பக்கத்தில் இது பெரிய விஷயம். ஒரு காசைக் கோயில் வாசல் கல்லில் வைத்து, உளியால் இரண்டு துண்டாக வெட்டி, எனக்குத் தீங்கு செய்தவனை நீயே கேள் என்று அம்மனிடம் ஒப்படைத்துவிட்டு வருவார்கள். அதற்குப் பிறகு அந்த இரண்டு வீட்டுக்கும் நெருப்புத் தண்ணீர் புழக்கம் இல்லை. நல்லதுக்கும் போக முடியாது, கெட்டதுக்கும் போக முடியாது. தீர்க்க வேண்டுமென்றால் இரண்டு பேரும் அதே கோயிலில், ஊர் பார்க்க நின்று, மனசாரத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் செல்லாது.

இது எதுவும் தெரியாமல், சில மாதம் கழித்து வேறொருவர் கொல்லையில் மண் எடுக்க அந்த ஊருக்குப் போனேன். கொழுந்தனார் வீட்டில் பந்தல் போட்டிருந்தது. மகளுக்குக் கல்யாணம். அக்கா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் அவர் பழைய சேலையோடு தனியாக உட்கார்ந்திருந்தார். கொல்லை உழப்படாமல் காய்ந்து கிடந்தது. உழுது கொடுக்க ஆள் இல்லை, கிணற்றுத் தண்ணீரும் இல்லை.

“வாங்க தம்பி” என்றார். “மோளம் கேக்குதுங்களா? தாலி கட்டறாங்க.”

“நீங்க போகலீங்களாக்கா?” என்றேன்.

“அந்தப் புள்ளைக்கு மொத மொதல்ல சடை பின்னுனது நாந்தான். இன்னைக்கு எவ பின்னி வுட்டாளோ.”

என்ன நடந்தது என்பதையும் அப்போது அவர் வாயாலேயே கேட்டேன். அன்றைக்குக் குழி போட முடியவில்லை. மண் எடுக்காமல் வெறும் பையோடு திரும்பியது என் வேலையில் அந்த ஒரு நாள்தான்.

வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன்.

“பேச வேண்டிய எடத்துல வாயில கொழுக்கட்டைய வெச்சுக்கறது, வூட்டுக்கு வந்து என்கிட்ட பொலம்பறது” என்றாள். “எனக்கா மண்ணு பாக்கத் தெரியும்? உங்க ஆபீசர்கிட்ட போயிச் சொல்லுங்க.”

மறுநாள் சொன்னேன். ஆபீசரிடம் சொல்வதற்கு முன்னால் மூன்று தடவை அவர் அறை வாசல்வரை போய்த் திரும்பியிருப்பேன். நான் சொல்லி முடித்ததும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“புகை மேலிருந்து விழுது. நான் பயிருக்கு எடுக்கற மாதிரி அடியிலிருந்து எடுக்கச் சொல்லியிருக்கேன்” என்றார். பிறகு, “இதை அன்னைக்கே ஏன் சொல்லலீங்க?” என்று கேட்டார்.

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இரண்டாம் தடவை போனோம். இந்தத் தடவை ஆபீசர் மரத்தடிக்குப் போகவில்லை. பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்தார். புல்லைக் கிள்ளித் தனிப் பையில் போட்டோம். மேலே படிந்த தூளைத் தகரத்தால் சுரண்டித் தனியாக எடுத்தோம். உலையோரக் கருப்பு மண்ணைத் தனியாக எடுத்தோம். அதற்கு அடியில் இருந்ததையும் தனியாக எடுத்தோம். எதையும் கலக்கவில்லை. இந்தத் தடவை சென்னையிலிருந்து முடிவு வந்தபோது ஆபீசர் அதைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். மேல்மண்ணிலும் புல்லிலும் அவ்வளவு காரீயம். அடி மண்ணில் சாதாரணமாக இருப்பதுதான் இருந்தது.

உலையைத் தூக்கச் சொல்லித் தாலுகா ஆபீசிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அந்த இடத்தில் மாடு மேய்க்கக் கூடாது என்று தண்டோரா போட்டார்கள். அக்காவிடம் ஆபீசரே வந்து சொன்னார். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதார். மாட்டுக்காக அழவில்லை.

அன்று சாயங்காலமே கொழுந்தனார் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். உள்ளே போக முடியாதே, அதனால் தெருவிலேயே நின்று, “தப்பு என்னுதுதாம்பா, கோயிலுக்கு வா, தீத்துக்கலாம்” என்று கேட்டிருக்கிறார். கொழுந்தனார் சொன்னதை அப்புறம் எனக்குச் சொன்னார்கள்.

“அண்ணி, மொதல்ல ஒரு பேப்பரு வந்துச்சு, நான் கொலைகாரன் ஆனேன். இப்ப ஒரு பேப்பரு வந்துச்சு, நான் நல்லவன் ஆயிட்டேன். நாளைக்கு மூணாவதா ஒண்ணு வந்தா? பேப்பரு பேச்சு எனக்கு வேணாம். மண்ணு எடுத்த ஆளக் கோயிலுக்கு வரச் சொல்லுங்க. ஊரு முன்னால நின்னு, எங்க தப்பு நடந்துச்சுன்னு அவரு வாயால சொல்லட்டும். அப்ப நானும் வர்றேன்.”

அதில் நியாயம் இருந்தது. ஆபீசர் சொன்னால் அழகாகச் சொல்வார். ஆனால் கோயிலுக்கு நாள் குறிப்பதற்குள் அவர் மாற்றலாகிப் போய்விட்டார். நான் ஒருவன்தான் மிச்சம்.

போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நாள் குறித்தார்கள். பஸ்ஸில் போகும்போது என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். கூழ் ஊற்றுகிற நாள். கோயிலில் நல்ல கூட்டம். அக்கா ஒரு பக்கம், கொழுந்தனார் ஒரு பக்கம் நின்றார்கள். பூசாரி என்னை நடுவில் நிறுத்தினார்.

“சொல்லுங்க. என்னா நடந்துச்சு?”

அத்தனை கண்ணும் என்மேல் இருந்தது.

“நான்... மேல்மண்ண...” என்றேன். அதற்குமேல் வரவில்லை.

“ஒரு லோட்டா கூழு குடுங்கப்பா, தொண்ட அடச்சிடுச்சு” என்றான் ஒருவன்.

“மம்முட்டி எடுக்கச் சொல்லியிருந்தா எடுத்திருப்பாரு. வாய எடுக்கச் சொன்னா எப்பிடி?” என்றான் இன்னொருவன். சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. என்னைத் தேற்றத்தான் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பில் மிச்சமிருந்த இரண்டு வார்த்தையும் போய்விட்டது.

கொழுந்தனார் மட்டும் சிரிக்கவில்லை. வெகு நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்கும் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது. அது கண்ணிலேயே தெரிந்தது. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“நான் கற்பூரம் அணச்சுச் சொன்னேன், அத நம்பல” என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். “இப்ப இவரு சொல்லாததை நான் நம்பணுமா அண்ணி?”

போய்விட்டார்.

பஸ் நிற்கும் இடம்வரை அக்கா என்னோடு நடந்து வந்தார். அவர் மண்ணை வாரித் தூற்றியிருந்தாலும் நான் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர், “வெய்யில்ல வந்துட்டு ஒரு வாய் கூழுகூடக் குடிக்கல நீங்க” என்றார். பஸ் வரும்போது சொன்னார்: “வாயில வரலைன்னா எழுதிக் குடுங்க தம்பி. அவன் மவ எட்டாவது படிச்சவ. ஆபீசு பேப்பர அவன் நம்பமாட்டான். அவ படிச்சா கேப்பான்.”

எழுதுகிறேன் என்று சொன்னேன். ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. எழுத உட்காருவேன். நாலு வரிக்குமேல் கை போகாது, கிழித்துவிடுவேன். அக்கா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். அப்போதும் எழுதவில்லை. இந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டு மாட்டின் கொம்புக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தேன். அக்காவின் காலிக் கட்டுத்தறி நினைவுக்கு வந்து, பாதியிலேயே எழுந்து வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாளாம். குழந்தை பிறந்தால் அதைத் தொட்டுப் பார்க்கக்கூட அக்காவால் போக முடியாது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் போய் இதை அவள் கையில் கொடுக்கப் போகிறேன். அவள் அப்பா பக்கத்தில் இருக்கும்போது உரக்கப் படிக்கட்டும். முழுவதையும் படிக்க முடியாவிட்டால் இதை மட்டும் படித்தால் போதும்: மாடுகளைக் கொன்றது புல்லின்மேல் படிந்திருந்த காரீயத் தூள். அதைச் செதுக்கி எறிந்துவிட்டு, மண்ணில் ஒன்றும் இல்லை என்று உங்கள் பெரியம்மாவிடம் சொன்னவன் நான். உங்கள் அப்பா ஒரு பாவமும் அறியாதவர். உங்கள் பெரியம்மாவும் என் பேச்சை நம்பித்தான் காசு வெட்டினார். மறுபடி ஒரு வெள்ளிக்கிழமை சொன்னால் கோயிலுக்கு வந்து, வாய் வராவிட்டாலும், இதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

1979, தை மாதம், மாட்டுப் பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை.